வானொலியைத் திருத்தியவர்கள்



தமிழகத்தார் 'பழுதுபார்த்தல்' என்று சொல்லும் இடத்தில் நாம் 'திருத்துதல்' என்று சொல்கிறோம். சைக்கிளைத் திருத்துகிறோம், மணிக்கூட்டைத் திருத்துகிறோம், மாரிக்கு முன் கூரையைத் திருத்துகிறோம். காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. என்னைப் போன்ற ஆசிரியர்கள் தவணைதோறும் விடைத்தாள் திருத்துகிறோம். 'திருந்து' என்னும் தன்வினையின் பிறவினையே 'திருத்து'. பழுதுபார்த்தல் என்னும்போது பார்வை பழுதின்மேல் நிற்கிறது. திருத்துதல் என்னும்போதோ, அப்பொருள் மீண்டும் அடையவேண்டிய செம்மையின்மேல் நிற்கிறது. இது இலக்கணகாரர் கூற்றன்று, என் கருத்துத்தான். ஆயினும் இன்றைய பேச்சுக்கு இது பொருந்தும்.

வீட்டு வானொலிப் பெட்டியைச் சாதாரண மனிதர் தம் கையால் திருத்திய வரலாறே இன்றைய பொருள். வானொலியைப் பற்றி வானொலியிலேயே பேசுவது சற்று விசித்திரந்தான். ஆனால் இந்தக் குரல் உங்களை வந்தடையும் வழியில் எத்தனை பேருடைய கைகள் ஈயம் உருக்கின என்பதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

இலங்கையில் ஒலிபரப்புத் தொடங்கியதே ஒருவகைத் திருத்த வேலையாகத்தான். 1921இல் இங்கு வந்து தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராகப் பணியேற்ற எட்வேர்ட் ஹாப்பர் என்ற ஆங்கிலேயர், முதலாவது உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்தார். மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகள் அதன்வழியே ஒலித்தன. போருக்கென்று செய்யப்பட்ட கருவி இவ்வாறு பாட்டுக்குப் பயன்பட்டது. 1925 டிசம்பர் 16இல் 'கொழும்பு வானொலி' முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. பிரித்தானியாவில் பி.பி.சி. தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

பிரித்தானியாவின் அக்கால நிலையும் சுவையானது. கடையில் விற்ற பெட்டிகள் விலை கூடியவை. ஆகவே ஆயிரக்கணக்கானோர் கம்பிச் சுருளும் ஈயக் கனிமத் துண்டும் வாங்கி, அடுக்களை மேசையில் வைத்துத் தாமே பெட்டி செய்தார்கள். அந்தக் கனிமத் துண்டின்மேல் பூனை மீசைபோன்ற மெல்லிய கம்பியை வைத்து, ஒலி பிடிபடும் புள்ளியைத் தேடவேண்டும். மின்கலம் வேண்டாம், வானலையின் வலுவிலேயே காதொலிக் கருவி பேசும். அரசாங்கத்துக்கு இது தலைவலியாயிற்று. உரிமக் கட்டணத்தின் ஒரு பங்கிலும் உற்பத்தியாளர் விற்ற பெட்டிகளின் வருவாயிலுமே பி.பி.சி. நடந்துவந்தது. தாமே செய்துகொண்டவர்களை எந்த வகையில் சேர்ப்பது? 1923இல் அவர்களுக்கென்று 15 சிலிங் கட்டணத்தில் தனி உரிமம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். தன் வீட்டில் தன் கையால் ஒரு பெட்டியைச் செய்பவன் அரசின் கண்ணில் ஐயத்துக்குரியவனாகத் தெரிந்தது அன்றே தொடங்கிவிட்டது.

பின்னர் வந்தது வால்வு வானொலிக் காலம். எங்கள் அப்பப்பா வீட்டு முன்கூடத்தில் அப்படியொரு பெட்டி இருந்தது. மரப்பெட்டி; முன்புறம் துணி; முடுக்கினால் உடனே பேசாது. அரை நிமிடம் சூடேறி, உள்ளே செம்மஞ்சள் ஒளி தெரிந்த பிறகே குரல் வரும். இப்பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. வால்வுகள் குதைகுழியில் செருகப்பட்டவை, கையால் பிடுங்கலாம். எது ஒளிரவில்லையோ அதன் இழை அறுந்துவிட்டது என்பது கண்ணாலேயே தெரியும். மேலே பொறித்த எண்ணைக் கடதாசியில் எழுதிச் சென்று அதே எண்ணில் வேறொன்று வாங்கி வரலாம். பல அமெரிக்கப் பெட்டிகளின் உட்புறத்தில் சுற்றுப்படமே ஒட்டப்பட்டிருந்தது. வாங்கியவன் ஒருநாள் திறப்பான் என்று செய்தவன் எதிர்பார்த்தான். அபாயமும் உண்டு. ஆளி நிறுத்தியபின்னும் பெரிய கொள்ளளவிகளில் இருநூறு வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும். அது தெரியாமல் கைவைத்தவர் இரண்டாம் முறை அவ்வாறு கைவைக்கமாட்டார்.

சானாவின் 'லண்டன் கந்தையா' ஒலித்த நாள்களில் பெட்டி ஊமையாகிவிட்டால் அது ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல, ஒழுங்கைப் பிரச்சினை என்று அப்பப்பா சொல்வார். அயலார் அத்தனை பேரும் அவர் வீட்டு விறாந்தையில்தான் கேட்டார்களாம்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பாடீனும் பிறற்றெயினும் திரான்சிற்றரைச் செயற்படுத்திக் காட்டினார்கள். 1954இல் முதலாவது திரான்சிற்றர் வானொலி அங்காடிக்கு வந்தது. அதன் பின் பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கிற்று. சுவர் மின்சாரத்திலிருந்து விடுதலை பெற்றது. வயலுக்கும் வாடிக்கும் போயிற்று. ஆனால் உள்ளேயிருந்த உறுப்புகள் ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தன. எது கெட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. திருத்துபவனுக்கு இனிக் கண் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும். இக்கல்வி நம்மிடம் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு வரலாறு. கேட்பதே குற்றமாக்கப்பட்ட காலங்களில் இந்தக் கைவேலை வேறு பொருள் பெற்றது. 1939 செப்டெம்பரில் நாசி ஜேர்மனி அந்நிய வானொலிகளைக் கேட்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஜேர்மனியர் கைப்பற்றிய நோர்வேயில் 1941இலும் நெதர்லாந்தில் 1943இலும் மக்களுடைய பெட்டிகள் பறிக்கப்பட்டன. யப்பானியர் பிடித்த பிலிப்பைன்சில் பெட்டியைப் பறிப்பதற்குப் பதிலாக இன்னொரு வழியும் கையாளப்பட்டது. பெட்டிகளைக் கொண்டுவரச் செய்து, சிற்றலைப் பகுதியை நீக்கி, உள்ளூர் ஒலிபரப்பு மட்டும் கேட்கும்படி ஆக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கெடுப்பதற்கும் திருத்துவதற்கும் வேண்டிய அறிவு ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

மலாயாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. பேராக் மாநிலத்தின் பாப்பான் என்ற சிற்றூரில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி, தைப்பிங்கில் பிறந்த தமிழ் மருத்துவரான தம் கணவரோடு மருத்துவம் செய்துவந்தார். வீட்டில் ஒரு சிற்றலை வானொலியை மறைத்து வைத்து லண்டன் செய்தி கேட்டார். அந்தப் பெட்டிக்கு அவர் இட்ட மறைபெயர் 'ஜோசபின்'. வீட்டிலுள்ள ஓர் உறவுக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் அல்லவா! கெரில்லாக்களுக்கு மருந்திட்டமைக்கும் வானொலி வைத்திருந்தமைக்குமாக 1943இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். போர் முடிந்தபின் ஜோர்ஜ் பதக்கம் பெற்றார். 1948இல் பிரித்தானியாவில் காலமானார். அவருடைய நினைவுக்குறிப்பு 1954இல் நூலாயிற்று. ஒரு பெட்டியில் செய்தி கேட்பதற்கு ஒரு மனிதர் கொடுக்கக்கூடிய விலை என்ன என்பதை அந்நூலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பின்னர் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், சீமெந்து, பசளை என்று நீண்ட அந்தப் பட்டியலில் ரோச் பற்றரியும் இருந்தது. வெடிபொருள்களுக்குப் பயன்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். அவ்வளவில் வீடுதோறும் இருந்த திரான்சிற்றர்ப் பெட்டிகள் ஊமையாயின. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. செய்திக்கு என்ன செய்வது?

செய்தி என்பது அன்று பொழுதுபோக்கு அல்ல என்பதை இளைய நேயர்களுக்குச் சொல்லவேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஊரார் இடம்பெயர்ந்தார்கள், கொழும்புக்குப் போன மகன் சேர்ந்திருப்பானா, பரீட்சை நடக்குமா, இவை யாவும் அந்தப் பெட்டியில் தங்கியிருந்தன. லண்டன் தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், திருச்சி வானொலி, கொழும்பு வானொலி எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நடுவே எங்கோ இருக்கும் உண்மையை ஊகித்துக்கொள்வார்கள் எங்கள் பெரியவர்கள். பாடபேத ஆராய்ச்சி என்று நான் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் கற்றதை அவர்கள் சாய்மனைக் கதிரையிலிருந்தே செய்தார்கள்.

முதலில் பழைய பற்றரிகளுக்கு உயிர்கொடுக்க முயன்றார்கள். உலர்மின்கலம் என்று பெயரே தவிர அது முழுதும் உலர்ந்ததன்று. நாகக் குவளை, நடுவே கரிக்கோல், இடையில் ஈரமான பசைபோன்ற கறுப்பு மா. அந்த ஈரம் வற்றும்போது மின்கலம் சாகிறது. ஆகவே ஆணியால் மேற்புறத்தில் துளையிட்டு உப்புத்தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்தார்கள். வெயிலில் காயவைத்தும் பார்த்தார்கள். சூட்டினால் உள்ளே இரசாயன மாற்றம் சற்று விரைவடைந்து ஒரு மாலைப்பொழுது தாக்குப்பிடிக்கும். ரோச்சுக்கு உதவாத பற்றரி வானொலிக்கு உதவும் என்பதையும் கண்டுகொண்டார்கள். விளக்குக் குமிழ் குடிக்கும் மின்னோட்டத்தில் சிறு பங்கே வானொலிக்குப் போதும். அதனால் செத்த பற்றரிகள் ஆறு ஏழைச் சேர்த்து மட்டைக் குழலுக்குள் வரிசையாக இறுக்கி, இரு முனையிலும் கம்பி கட்டி, நான்கு பற்றரிப் பெட்டியை ஓட்டினார்கள். எங்கள் வீட்டுக் குழல் பழைய பஞ்சாங்கத்தின் அட்டையால் ஆனது. நாளும் கோளும் பார்த்த அட்டை நாட்டு நடப்புச் சொல்லிற்று.

இவை தீர்ந்தபின் வந்ததே சைக்கிள் டைனமோ.

இந்த முறையை முதலில் யார் செய்தார் என்று கேட்பதில் பயனில்லை என்று நினைக்கிறேன். எல்லா வீட்டிலும் சைக்கிள் இருந்தது. பல சைக்கிள்களில் டைனமோ இருந்தது. தேவையும் எல்லோருக்கும் ஒன்றே. பல ஒழுங்கைகளில் பல பேர் ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்திருக்கவேண்டும். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தேடுவதுபோன்ற வேலை அது.

எங்கள் அயலில் ஓர் அண்ணர் இருந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவர். பல்கலைக்கழகம் போகும் வழி அடைபட்டு வீட்டில் இருந்தார். டைனமோவின் இரு கம்பிகளை நேரே பெட்டியில் கொடுக்கக்கூடாது என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார். டைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது. அதன் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிச் சுருளைக் கடக்கின்றன. ஆகவே மின்னும் முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அது ஆடலோட்டம். பெட்டிக்கு வேண்டியது ஒரே திசையில் செல்லும் நேரோட்டம். செத்த ரேப் ரெக்கோடர் ஒன்றிலிருந்து 4007 என்று எண் பொறித்த கறுப்பு இருவாயிகள் நான்கைக் கழற்றினார். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியவை. ஒரு முனையில் வெள்ளி வளையம். அந்நான்கையும் சாய்சதுரமாக இணைத்தால், ஆடலோட்டம் எந்தத் திசையில் வந்தாலும் வெளியே ஒரே திசையில் போகும். அதன் பின்னே ஆயிரம் மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று. அலையின் மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வழங்கும் குளம்போல அது வேலை செய்யும். அது இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னே வண்டு இரையும்.

ஈயம் ஒட்ட மின்சாரக் கோல் உதவாது, மின்சாரம் இல்லையே. தடித்த செப்புக்கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, சிரட்டைக் கரி நெருப்பில் வைத்துக் காய்ச்சினார். ஈயம் பழைய சுற்றுப் பலகைகளிலிருந்தே வழித்தெடுத்தது. ஒட்டுவதற்குப் பிசின் வேண்டும். தகரம் ஒட்டுகிறவர் ஒருவரிடமிருந்து குங்கிலியம்போன்ற ஒன்றை வாங்கி வந்திருந்தார். கம்பி நுனி பட்டதும் புகை எழுந்து விறாந்தை முழுதும் மணந்தது. திண்ணையில் இருந்த என் அப்பம்மா, "குங்கிலியக்கலய நாயனார் செய்திக்கும் வந்திட்டார்" என்றார். அப்போது அதன் நயம் எனக்கு விளங்கவில்லை. பெரியபுராணம் படிப்பிக்கும்போதெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று விளக்குக்கென்று செய்தது. வானொலி அதில் சிறு பங்கையே எடுக்கும். பளுக் குறைந்தால் வோல்ற்று எகிறும். யாராவது உற்சாகத்தில் வேகமாக மிதித்தால் பெட்டிக்குள் புகைதான். அதற்காகச் சைக்கிளின் முன்விளக்குக் குமிழைக் கழற்றாமல் அருகில் இணைத்தே விட்டார்கள். மிகுதியை அது குடித்துவிடும். ஒளி செவ்வையாக இருந்தால் வோல்ற்றும் செவ்வை. மங்கினால், "தம்பி, உழக்கு". வெண்மை கூடினால், "பொறு, பொறு, மெதுவாய்!" அந்தக் குமிழே மானி, அதன் வெளிச்சத்திலேயே தங்கை வீட்டுப்பாடம் செய்தாள்.

சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திப் பின்சில்லு சுழல மிதிக்கவேண்டும். மிதிப்பவன் களைத்தால் லண்டனில் இருப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். முக்கியமான பெயரொன்று வரும் நேரத்தில் குரல் இறங்கினால் விறாந்தையில் இருந்த பத்துப் பதினைந்து பேரும் ஒரே குரலில் மிதிப்பவனைத் திட்டுவார்கள். செய்தி அறிக்கை ஒன்றுக்கு மூன்று பேர் முறைவைத்து மிதித்தோம். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் தலைப்புச் செய்தி முடிந்து விரிவான செய்தி வரும் பகுதி. அதனாலோ என்னவோ இன்றும் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பத்திரிகையை மடிக்க என்னால் முடிவதில்லை.

முன்பு ஒத்திவைத்த கேள்விக்கு இங்கே வருகிறேன். அந்த அண்ணருக்கும் அவரைப்போன்ற நூற்றுக்கணக்கானோருக்கும் இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1960களில் நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தாய்மொழியில் கற்பிக்கப்படத் தொடங்கியது. அதற்கென்று அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆடலோட்டம், நேரோட்டம், இருவாயி, கொள்ளளவி, சீராக்கி என்ற சொற்கள் அவ்வழியே வந்தவை. அவற்றைப் பலர் கேலி செய்ததுண்டு. நாவில் புரளாத சொற்கள் என்றார்கள். சில அப்படித்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விறாந்தையில், எழுத்து வாசனை அதிகமில்லாத ஒரு தோட்டக்காரரும் வயதான என் அப்பம்மாவும் பத்து வயதுச் சிறுவனும் கேட்டிருக்க, "ஆடுறதை ஆடாமல் பண்ணுறதுதான் இது" என்று அந்த அண்ணரால் விளக்க முடிந்தது. ஆடல் என்ற சொல்லே பாதி விளக்கத்தைச் செய்துவிட்டது. ஆங்கிலத்தில் மட்டும் கற்றிருந்தாலும் அவர் பெட்டியைத் திருத்தியிருப்பார். ஆனால் சுற்றியிருந்தவர்கள் அதைக் கற்றிருக்கமாட்டார்கள். அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையில் மூன்று டைனமோக்கள் சுழன்றன. அவற்றில் ஒன்றைப் பொருத்தியவர் அந்தத் தோட்டக்காரர்.

தாய்மொழிக் கல்வியால் நாம் இழந்தவற்றைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. இதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். மழை, அடியெடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். சைக்கிளில் ஏற்றியவற்றில் அரிசியும் உறுதிக் கட்டும் பிள்ளைகளின் சான்றிதழும் முதலிடம் பெற்றன. எங்கள் சைக்கிளில் பெட்டியும் இருந்தது, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி. சில்லு உருண்டால்தானே டைனமோ சுழலும். அன்றிரவு சில்லு உருளவே இடமில்லை. மிதிப்பதற்கு வழியில்லாத அந்த நெரிசலில் யாரும் எந்தச் செய்தியும் கேட்கவில்லை. நாங்களே செய்தியாகி நடந்துகொண்டிருந்தோம். சில நாள்கள் கழித்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில், வெவ்வேறு ஊரவர் சூழ்ந்திருக்க, பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஈரம் பட்டுக் கம்பியொன்று கழன்றிருந்தது. அந்த அண்ணர் எங்கே தங்கியிருக்கிறார் என்று தெரியாது. அப்பாவே சிரட்டைக் கரி மூட்டினார். அவர் வாழ்நாளில் முதன்முறையாக ஈயம் ஒட்டியது அன்றுதான். ஒட்டு அழகாக இல்லை, ஆனால் பெட்டி பேசிற்று.

1996இல் பலரும் வீடு திரும்பினோம். நாளடைவில் பற்றரி வந்தது, மின்சாரம் வந்தது. டைனமோக்கள் மீண்டும் விளக்குக்குப் போயின. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்பிரலோடு நின்றது.

இன்று என் மாணவரிடம் உள்ள கைத்தொலைபேசியிலேயே எல்லா வானொலியும் உண்டு. அது கெட்டால் திறப்பதற்கில்லை. மூடி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. சில நிறுவனங்கள் சாதாரணத் திருகாணிச்சாவி நுழையாத ஐந்துமுனைத் திருகாணிகளைப் போடுகின்றன. வாங்கியவன் திறக்கமாட்டான், திறக்கவும் கூடாது என்பது இப்போதைய எதிர்பார்ப்பு. நியாயம் ஒன்றும் சொல்வார்கள்: நீர் புகாது, மெல்லியதாக இருக்கும், பாதுகாப்பு. அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் 1923இன் பிரித்தானிய அரசும் இன்றைய நிறுவனங்களும் ஒரே ஆளைக் கண்டுதான் சங்கடப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிர்வினையும் எழுந்திருக்கிறது. 2009இல் அம்ஸ்ரர்டாம் நகரில், கெட்ட பொருளைக் கொண்டுவந்து தெரிந்தவரோடு சேர்ந்து திருத்தும் 'திருத்தகத் தேநீர்க்கூடம்' ஒன்று தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவியது. 2022 இறுதியில் நியூயோர்க் மாநிலம் இலத்திரனியற் பொருள்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் அத்தகைய பணிப்புரை ஒன்றை நிறைவேற்றியது. எந்தெந்தப் பொருளை உற்பத்தியாளர் திருத்திக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அதன் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் உண்டு. சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, தூசுறிஞ்சி, கைத்தொலைபேசி எல்லாம் இருக்கின்றன. மின்சைக்கிள் போன்றவற்றுக்கும் இடமிருக்கிறது. 2024இல் வெளியான அந்தப் பட்டியலில் வானொலிப் பெட்டியைத் தேடினேன். இல்லை.